புதுப்பிப்பு: தோண்டாமல் விட்ட ஆர்க்கிட் முளைத்துவிட்டது

இலையுதிர் காலத்தில் நட்ட மூன்று சிப்ரிபீடியம் ஆர்க்கிட்கள் (செருப்பு வடிவில் பூக்கும், குளிர்நாட்டுத் தரை ஆர்க்கிட்) பனி உருகியும் தலைகாட்டவில்லை, தோண்டிப் பார்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். 'கை வைக்காதீர்கள்' என்றவர்களுக்கு நன்றி. நேற்று இரண்டு முளை விட்டிருக்கின்றன! சுருட்டிய வெற்றிலை மாதிரி, விரல் நுனி அளவு, மேலெல்லாம் மெல்லிய முடி. (அந்த முடி சிலருக்கு அரிக்கும், கையுறை போடுங்கள்.)

மூன்றாவது அழுகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். கிழங்கிலிருந்து முளை வரும் மொட்டுக்கு மேலே இரண்டு மூன்று செ.மீ. மண் போதும், குளிருக்குப் பயந்து ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டேன். மண்ணுக்குள் உறங்கும்போது குளிர் அதற்கு எதிரியே இல்லை. 5 டிகிரிக்குக் கீழே மூன்று மாதமாவது உறங்கினால்தான் ஒழுங்காக முளைக்கும். கெடுப்பது காற்றோட்டமில்லாத ஈர மண்.

முளைத்துவிட்டதால் இனி பயமெல்லாம் வசந்தத்தில் திடீரென்று விழும் உறைபனிக்குத்தான். இளங்குருத்து கருகிவிடுமே! ராத்திரிக்குக் காலித் தொட்டியைக் கவிழ்த்து மூடி வைக்கிறேன்.