2009 பெரிய காரா, 2017 சின்ன காரா? நாளைக்குள்ள முடிவு சொல்லணும்

புதுசா_வந்தவன்: வெளிநாடு வந்து ஒரு மாசம்தான் ஆகுது, கார் இல்லாம வேலைக்குப் போக வழியில்ல. 2009 மாடல் பெரிய செடான் ஒண்ணு, ஓட்டம் கம்மி. இன்னொண்ணு 2017 ஹேட்ச்பேக், கிலோமீட்டர் எக்கச்சக்கம். விலை ஒண்ணுதான். நாளைக்கு அட்வான்ஸ் தரலைன்னா கை மாறிடுமாம். எது பாதுகாப்பு?

பனிமூட்டம்: எந்த நாடுன்னே சொல்லலையேப்பா! முதல்ல ரெண்டு காருக்கும் இன்சூரன்ஸ் கொட்டேஷன் எடு. நம்ம ஊர்ல ஓட்டின அனுபவத்தை நிறைய கம்பெனி கணக்குல எடுக்க மாட்டான்.

இரும்புக்கை: பெரிய காரையே எடுங்க. நேருக்கு நேர் மோதினா எடைதான் பேசும்.

ஸ்பேனர்: அண்ணே, எடை உதவுறது மோதின பிறகு. மோதாம தப்பிக்க இஎஸ்சி வேணும், அதாவது வழுக்கலைத் தடுக்குற எலக்ட்ரானிக் கட்டுப்பாடு. வண்டி வழுக்கித் திரும்புறப்ப எந்தச் சக்கரத்தைப் பிடிக்கணுமோ அதை மட்டும் அதுவே பிரேக் போட்டு நேராக்கும். அமெரிக்காவுல 2012 மாடல்லேருந்து, ஐரோப்பாவுல 2014 நவம்பர்லேருந்து எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம். 2009ல இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சாவி போட்டதும் வழுக்குற கார் படம் போட்ட விளக்கு எரியுதா பாருங்க. பாதுகாப்புக்குத் தர்ற ஸ்டாரைப் பார்த்தும் ஏமாறாதீங்க. காரை மோதவிட்டுச் சோதிச்சு ஸ்டார் தர்ற யூரோ என்கேப் அமைப்பு 2014லேருந்து தானியங்கி பிரேக்குக்கும் மார்க் போடுது. அன்னைக்கு வாங்கின 5 ஸ்டார் வேற, இன்னைக்கு வாங்குற 5 ஸ்டார் வேற.

பழையசோறு: புதுக் கார்ல எச்சரிக்கைச் சத்தம் சும்மா கீச்சு கீச்சுனு கத்தும். கேமரா இருக்குற மாடல்ல முன்கண்ணாடி மாத்தினா, கேமராவைத் திரும்பச் சரியா அமைக்குற கேலிபிரேஷனுக்குத் தனியா தண்டம்.

பனிமூட்டம்: தண்டமா? எதைத் தொட்டாலும் தண்டம்தான் இங்க. பார்க்கிங்ல ஆரம்பிச்சா விடிஞ்சிடும்.

புதுசா_வந்தவன்: சொல்ல மறந்துட்டேன், ரெண்டு வயசுப் பாப்பா இருக்கா.

ஸ்பேனர்: இதை முதல்லயே சொல்லக் கூடாதா! பின்சீட்டும் சாய்மானமும் சேர்ற இடுக்குல விரலை விடுங்க. குழந்தை சீட்டை மாட்டுற ஐசோஃபிக்ஸ் கம்பி தட்டுப்படணும். ரெண்டு பக்கமும் ஜன்னலை மறைச்சு விரியுற கர்ட்டன் ஏர்பேக் பின்சீட் வரைக்கும் வருதான்னும் பாருங்க.

வளையம்: புலம்பலை நிறுத்திட்டு வேலைக்கு வருவோம். 17 எழுத்து சேஸிஸ் நம்பரைப் போட்டு ரீகால் தேடுங்க, அதாவது கோளாறுக்காகக் கம்பெனி திரும்பக் கூப்பிட்ட வண்டியான்னு. 2009ன்னா டகாட்டா கம்பெனியோட கோளாறான ஏர்பேக் இருக்க வாய்ப்பு உண்டு. வெயிலும் ஈரமும் பட்டுப் பட்டு உள்ளே இருக்குற அமோனியம் நைட்ரேட் கெட்டு, வெடிக்கறப்ப உலோகத் துண்டு பறக்கும். மாத்தின ரசீது இல்லாம தொடாதீங்க.

சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிஞ்சு சில நொடியில அணையணும். எரிஞ்சுகிட்டே இருந்தா கோளாறு. எரியவே இல்லைன்னா யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கலாம், அது இன்னும் மோசம். பெல்ட்டை முழுசா இழுத்து அடியில தைச்சிருக்குற லேபிள் தேதியைப் பாருங்க. காரைவிடப் புதுசா இருந்தா அடிபட்டு மாத்தினதான்னு கேளுங்க. டயர்ல கடைசி 4 எண் 2316ன்னா 2016ல 23ஆவது வாரம் செஞ்சது.

இதெல்லாம் சரியா இருந்தா என் ஓட்டு 2017க்கு. ஓட்டம் அதிகம்ங்கறதால சஸ்பென்ஷன், பிரேக் டிஸ்க், அடியில துரு மூணையும் லிஃப்ட்ல ஏத்திக் காட்டச் சொல்லுங்க. ஏத்த விடமாட்டேன்னு சொல்ற ஆளுக்கு அட்வான்ஸ் வேண்டாம்.

புதுசா_வந்தவன்: சேஸிஸ் நம்பர் கேட்டு மெசேஜ் போட்டிருக்கேன். 2009காரர் இன்னும் பதில் போடல.