சரக்கு மென்பொருள் மாற்றம்: பழைய பதிவுகளை என்ன செய்வது?

கேள்வி: நவி மும்பை வாஷியில் இயங்கும் எங்கள் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில், நவ சேவா துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர்களின் விவரங்களை இதுவரை எக்செல் தாள்களிலேயே பதிந்து வந்தோம். ஏப்ரல் 1 முதல் புதிய மென்பொருளுக்கு மாறும்போது பழைய பதிவுகள் அனைத்தையும் அதில் ஏற்ற வேண்டுமா?

பதில் 1: வேண்டாம் ஐயா, நிலுவைச் சரக்குகளும் வாடிக்கையாளர் பட்டியலும் போதும். ஏற்றுமுன் கன்டெய்னர் எண்களைச் சரிபாருங்கள். 4 எழுத்தும் 7 இலக்கமும் கொண்ட அந்த எண்ணின் கடைசி இலக்கம், முன்னுள்ள பத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், பெரும்பாலான தட்டச்சுப் பிழைகளை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறிய ஒரே வரியால் எங்கள் டிரெய்லர் துறைமுக வாயிலில் ஓர் இரவு முழுவதும் நின்றது.

பதில் 2: பழைய தாள்களை அழித்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும்.

கேட்டவர்: மிக்க நன்றி. எண்களை இன்றே சரிபார்க்கத் தொடங்குகிறோம்.