கூட்டாளி முதுகில் குத்தலாமா? கணினி எதிராளிகளின் ராஜதந்திரம்

கோட்டைவாசல்:
நாட்டை வளர்த்து மற்ற நாடுகளோடு போட்டி போடும் கணினி ஆட்டமான சிவிலைசேஷன் 5 ஆடியவர்களுக்குத் தெரியும். பல யுகங்களாக நட்புப் பாராட்டிய, கணினி ஆட்டுவிக்கும் அரசன் திடீரென்று முகம் சுளிப்பான். ஏன் என்று பார்த்தால், தான் போகும் வழியிலேயே நீங்களும் ஆட்டத்தை வெல்லப் பார்க்கிறீர்களாம், அது பிடிக்கவில்லையாம். தான் ஓர் ஆட்டத்துக்குள் இருப்பது அரசனுக்கு எப்படித் தெரியும்? 4-ஆம் பாகம் (2005) எவ்வளவோ மேல். ஒரே மதமா, நட்புக் கணக்கில் இத்தனை கூட்டல். எல்லையில் உரசலா, இத்தனை கழித்தல். எல்லாம் எண்ணாகவே கண்முன் இருக்கும். 5 வெளியானபோது காரணப் பட்டியலே கிடையாது, பின்னால் விட்ட திருத்தத்தில்தான் (பேட்ச்) சேர்த்தார்கள்.

குதிரைவால்:
எண்ணைக் காட்டியதால் என்ன நடந்தது? நீங்களும் செய்திருப்பீர்கள். பக்கத்து நாட்டு மதத்துக்கு மாறுவது, கேட்ட தொழில்நுட்பத்தைத் தூக்கிக் கொடுப்பது, கூட்டல் ஏறியதும் அந்த எல்லையில் காவலே வைக்காமல் விடுவது. அது கூட்டாளியா? காசு போட்டால் பொருள் தள்ளும் எந்திரம். நான் ஜெயிக்கப்போவது தெரிந்தும் கைகட்டி நிற்பவன் எதற்கு எதிராளி? அவன் இடத்தில் நீங்கள் இருந்தால் முதுகில் குத்துவீர்களா, மாட்டீர்களா?

கோட்டைவாசல்:
குத்துவேன்தான். ஆனால் எல்லோரும் கடைசியில் குத்துவார்கள் என்றால் நட்புக்காக நான் ஏன் மெனக்கெட வேண்டும்? முதல் நாளிலிருந்தே படையைப் பெருக்கிவிட்டுப் போகிறேன்.

நாலாம்படை:
இதே மாதிரி நாடாளும் கணினி ஆட்டமான யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-ஐ மறந்துவிட்டீர்களே. கூட்டணிக்குக் கேட்கும் முன்பே, ஒப்புக்கொள்வானா மாட்டானா என்று காரணத்தோடு காட்டிவிடும். அப்படியும் ஏமாளியாக இருக்காது. அளவு மீறி நிலம் பிடித்தால் அக்கம்பக்கத்து நாடுகள் உங்களுக்கு எதிராக ஒன்றுசேரும். பயந்து சேர்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் வெற்றியைத் தடுக்க இல்லை.

குதிரைவால்:
அதில் வெற்றிக்கோடு என்று ஒன்று கிடையாதே! ஆட்டத்துக்குள் 1821-ஆம் ஆண்டு வந்தால் முடிந்தது. சிவிலைசேஷனில் ஒருவனுடைய விண்கலம் கிளம்பினால் வெற்றி அவனுக்கே, மற்றவர்கள் எல்லோரும் காலி. அங்கே பயம் மட்டும் போதாது.

கோட்டைவாசல்:
சரி, வெல்வதற்காகவே ஆடும் ஒன்றையே எடுப்போம். 2022-இல் மெட்டா உருவாக்கிய சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், ஐரோப்பிய நாடுகளாகப் பேரம் பேசி ஆடும் டிப்ளமசி என்ற பலகை ஆட்டத்தை இணையத்தில் மனிதர்களோடு 40 முறை ஆடியது. ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. பெரும்பாலும் உண்மையே பேசும்படி அதைப் பழக்கியதாகத்தான் உருவாக்கியவர்கள் சொன்னார்கள். வாக்கைக் காப்பாற்றியும் வெல்லலாம்.

குதிரைவால்:
அதே சிசரோ பிரான்ஸாக ஆடியபோது, வடகடலில் புகுவதற்கு ஜெர்மனியோடு திட்டம் போட்டுவிட்டு, அங்கே யார் வந்தாலும் காப்பேன் என்று இங்கிலாந்திடம் சொன்னது. பின்னர் ஆய்வாளர்கள் உரையாடலையே எடுத்துக் காட்டினார்கள். எனக்கு அப்படி ஒருத்தனோடுதான் ஆட ஆசை.