புது அசெம்பிளிங்: கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் தாங்குமா?

கேள்வி:
புது கம்ப்யூட்டருக்கு ரைசன் 5 7600 ப்ராசசர், பி650 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு எடுக்கப்போகிறேன். கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) இலவசமாம். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது. இரண்டையும் வைத்தே ஓட்டலாமா? ரேம் இப்போதைக்கு 16 ஜிபி ஒன்று, பிறகு இன்னும் சேர்க்கலாம் என்று திட்டம்.

பதில் 1:
இலவசத்தைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 450-ஐ நம்பாமல், ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் அதிலிருந்துதான் தின்னும். 16 ஆம்பியர் என்றால் 12 × 16 = 192 வாட், அவ்வளவுதான் சரக்கு.

உங்களுக்குத் தேவை: 7600 முழு வேகத்தில் 88, 4060-க்கு 115, போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு 60. ஆக 263 வாட். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் தரும் 550 வாட் போதும், 750 தண்டச்செலவு. எஸ்எம்பிஎஸ் மேலிருக்கும் 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கு மட்டும்தான். அதில் ப்ரோன்ஸ் (வெண்கலம்) தரம் இருந்தாலும் பாதுகாப்பு சர்க்யூட் மட்டமாக இருக்கலாம். அந்த மாடலைப் பிரித்துச் சோதித்த விமர்சனம் ஒன்றைப் படித்துவிட்டு வாங்குங்கள். 5 வருட வாரண்டிக்குக் குறைந்தால் வேண்டாம்.

பதில் 2:
யுபிஎஸ் கணக்கும் உண்டு. 600 விஏ பெரும்பாலும் 360 வாட்தான். 263 வாட் லோடுக்கு எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 310 இழுக்கும், மானிட்டருக்கு 30. விளிம்பில் நிற்கிறது, கேம் ஓடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் கீச்சிட்டு அணைந்துவிடும். 1000 விஏ எடுங்கள்.

கேபிளில் கவனம். ப்ராசசருக்கான 8 பின் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2. இரண்டிலும் மின்சாரமும் எர்த்தும் இடம் மாறியிருக்கும், ஒன்றை மற்றதன் இடத்தில் அழுத்திச் செருகினால் கார்டு காலி. பழைய மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் மாட்டவே கூடாது. கார்டு பக்கம் ஒரே மாதிரி இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. ரேம் பற்றி?

பதில் 1:
ஒன்றை மட்டும் போட்டால் ரேமிலிருந்து ப்ராசசருக்குத் தகவல் போகும் வேகத்தில் பாதி போச்சு. ஒரே பேக்கில் வரும் இரண்டு 16 ஜிபி, வேகம் 6000, தாமத அளவு சிஎல்30 என்று போட்டதை வாங்கி, ப்ராசசரிலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில் போடுங்கள். பிறகு இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்ற யோசனை வேண்டாம்: நான்கு ரேம் குச்சிக்கு ப்ராசசர் கம்பெனியான ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600 மட்டுமே. பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்போவை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு இரவு ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் கடையில் மாற்றுங்கள்.

பதில் 3:
முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 வகை ரேமை போர்டு பழக்கிக்கொள்கிறது. பதறிப்போய் பிளக்கைப் பிடுங்காதீர்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிடம் தாண்டியும் படம் வரவில்லையென்றால் ஒரு ரேமைக் கழற்றிப் பாருங்கள்.