'நோ வின் நோ ஃபீ' ஒப்பந்தம்: இரண்டு விவரம் தேவை, உதவுங்கள்

வணக்கம். இங்கிலாந்து, வேல்ஸில் விபத்தில் காயப்பட்டு இழப்பீடு கேட்கும் நம்மவர்களுக்காகத் தமிழில் ஒரு விளக்கத்தாள் தயாராகிறது. 'நோ வின் நோ ஃபீ' என்றால், வழக்கில் தோற்றால் சொலிசிட்டருக்கு (வழக்கறிஞருக்கு) கட்டணம் இல்லை என்ற ஒப்பந்தம். வென்றால் 'சக்சஸ் ஃபீ' என்ற கூடுதல் கட்டணமாக அவர் அதிகபட்சம் எடுக்கும் 25 சதவீதத்தில்தான் எல்லோருக்கும் குழப்பம். அது மொத்தத் தொகையில் 25 அல்ல. வலி, வேதனைக்கான தொகையும் அதுவரை ஏற்பட்ட பண இழப்பும் மட்டுமே கணக்கில் வரும். எதிர்கால இழப்பைத் தொடக்கூடாது.

உதாரணமாக வலிக்கு 12,000 பவுண்ட், இதுவரை இழந்த சம்பளம் 6,000, எதிர்கால இழப்பு 20,000 என்று வைப்போம். 'சக்சஸ் ஃபீ' உச்சவரம்பு 18,000இல் கால்பங்கு, அதாவது 4,500. 38,000இல் கால்பங்கான 9,500 என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். அரசு உதவித்தொகை ஏதும் பெற்றிருந்தால் இன்னும் குறையலாம்.

சிக்கல் வேறு இடத்தில். சொலிசிட்டரின் வேலைக்கான அடிப்படைக் கட்டணத்தில் எதிர்த்தரப்பிடமிருந்து வராத பகுதி இந்த உச்சவரம்புக்குள் அடங்காது. ஒப்பந்தத்தில் இடமிருந்தால் உங்கள் தொகையிலிருந்தே பிடிப்பார்கள். தோற்றால் வரும் வழக்குச் செலவுக்காக எடுக்கும் காப்பீட்டின் பிரீமியமும் அப்படித்தான், 2013 ஏப்ரலுக்குப் பிறகு பெரும்பாலும் நம் தலையில்.

ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் இரண்டு பகுதிகளை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள்: இடையில் சொலிசிட்டரை மாற்றினால் என்ன கட்ட வேண்டும், அவர் சொல்லியும் சமரசத் தொகையை மறுத்தால் என்ன நடக்கும். பெயர், வழக்கு எண், நிறுவனத்தின் பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். முழு ஒப்பந்தம் வேண்டாம்.