இரணைமடு நீர்மட்டமும் ஒரு சூரியச் சுவாலையும்

குளக்கட்டு:
சூரியச் சுவாலையில் (சூரியனில் திடீரென நடக்கும் வெடிப்பு) வேகமாகப் பாயும் இலத்திரன்கள் எக்ஸ் கதிரை எப்படி உண்டாக்குகின்றன என்று கணினியில் கணித்துப் பார்ப்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. 2002 யூலை 23 சுவாலையை எடுத்தேன், மிக வலிய எக்ஸ் வரிசையில் 4.8. சூரியனின் எக்ஸ் கதிரை அளந்த ரெசி செய்மதியின் தரவை யாரும் இறக்கிக்கொள்ளலாம். கடினக் கதிர் (சக்தி கூடிய எக்ஸ் கதிர்) உச்சத்தில் நின்றபோது இங்கே காலை 6 மணி. (வன்னியில் அப்போது பழைய நேரம். கொழும்பில் ஆறரை.) அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றிருப்பா.

வரைபைக் கீறியதும் குழம்பிப்போனேன். கடினக் கதிர்க் கோடு ஊசி ஊசியாக ஏறி இறங்குகிறது. சக்தி குறைந்த மென்கதிரின் கோடு ஆறுதலாக ஏறி, ஊசிகள் ஓயும் நேரத்தில்தான் உச்சிக்கு வருகிறது. நேரத்தைப் பிழையாக வாசித்துவிட்டேன் என்று இரண்டு நாள் நிரலைக் கிண்டினேன். மார்கழி அடைமழை. இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் பார்த்துவிட்டு வந்த அப்பா திரையை எட்டிப் பார்த்தார். "இது மழையும் குளமும் எல்லோ?"

அதேதான். காந்தப்புலக் கோடுகள் அறுந்து ஒட்டும்போது முடுக்கப்படும் இலத்திரன்கள், காந்தப்புல வளைவின் அடிக்குப் பாய்ந்து, சூரிய வளிமண்டலத்தின் கீழ்ப்படையான நிறமண்டலத்தின் அடர்ந்த வாயுவில் மோதுகின்றன. அந்த மோதல் தருவது கடினக் கதிர், அதாவது மழை. சூடேறிய வாயு ஒரு கோடி பாகையைத் தாண்டி, மேலெழுந்து வளைவை நிரப்பி மென்கதிர் வீசுகிறது. அது குளம். 1968இல் சூரிய ஆய்வாளர் நியூபெர்ட் கண்ட தொடர்பு இது.

ஆனால் என் குளம் வான் பாய்ந்தது. மோதும் சக்தியில் ஏறக்குறைய இலட்சத்தில் ஒரு பங்குதான் எக்ஸ் கதிராகிறது, மிச்சம் வெப்பம். அந்த வெப்பத்தில் பெரும்பங்கு வேகம் குறைந்த இலத்திரன்களுடையது, அவைதான் கனக்க. எந்தச் சக்திக்குக் கீழே அவை இல்லை என்று வெட்டுவது நாங்கள் போடும் எண். சக்தி கூடக் கூட இலத்திரன்கள் எவ்வளவு விரைவாகக் குறைகின்றன என்று சொல்லும் சரிவெண்ணை 5 என்று வைத்து, வெட்டை 20இலிருந்து 10 கிலோ இலத்திரன் வோல்ற்றுக்கு இறக்கியிருந்தேன். மொத்தச் சக்தி 8 மடங்கு! 30 கிலோ இலத்திரன் வோல்ற்றுக்கு மேலான கடினக் கதிரோ அசையவே இல்லை.

மல்லாவியான்:
என்னுடையது சின்ன அனுபவம். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். ஒரு மத்தியானம் சிற்றலை நிலையங்கள் எல்லாம் ஒன்றாக அடங்கி, அரை மணியில் திரும்பி வந்தன. பெடல் மிதித்த தம்பிக்குத்தான் ஏச்சு. சுவாலையின் எக்ஸ் கதிர் பூமியின் பகல் பக்கத்து அயனமண்டலத்தின் (வளிமண்டலத்தின் மின்னேறிய மேற்படை) அடியை அயனாக்கிச் சிற்றலையை விழுங்கும் என்று பிறகுதான் படித்தேன். அன்று சுவாலையா, டைனமோவா, சத்தியமாகத் தெரியாது. சரி, அந்த வெட்டை அளக்க ஏலாதா?

குளக்கட்டு:
நேரே ஏலாது. கீழ்ச் சக்திப் பகுதியைச் சூடான வாயுவின் கதிரே மூடிவிடுகிறது. தரவுக்குப் பொருந்தும் மிக உயர்ந்த வெட்டைத்தான் சொல்லலாம், அதாவது சக்தி இவ்வளவுக்குக் குறையாது என்று. நானும் 20ஐயே திரும்பப் போட்டு, அது குறைந்தபட்சக் கணக்கு என்று எழுதித்தான் கொடுத்தேன். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?