நவம்பர் கடைசியில் ஃபீடருக்கு வரும் செங்கல் நிற ஹம்மிங்பேர்ட் எது? உதவி தேவை

கேரிவாசி:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ராலேக்குப் பக்கத்தில் கேரி. கோடையில் எங்கள் ஃபீடருக்கு (சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் கிண்ணம்) வருவதெல்லாம் ரூபி-த்ரோட் ஹம்மிங்பேர்ட்தான். முதுகு பச்சை, வயிறு வெள்ளை, ஆண் என்றால் கழுத்து சிவப்பு. அக்டோபர் பாதிக்குள் தெற்கே போய்விடும். இப்போது தேங்க்ஸ்கிவிங் நெருங்குகிறது, ஃபீடரில் இரண்டு பறவைகள்!

ஒன்றுக்கு முதுகு பச்சை, ஆனால் விலா இரண்டு பக்கமும் செங்கல் நிறம். வாலை விரித்தால் அடிப்பகுதியும் அதே நிறம். கழுத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நடுவில் நாலைந்து இறகு மட்டும் வெயில் பட்டால் செம்பு நிறத்தில் மின்னுகிறது. இன்னொன்று சாம்பல் கலந்த மங்கல் பச்சை. குடிக்கும்போது வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. முதலாவது இதை ஃபீடரை அண்டவே விடுவதில்லை.

படத்தை வைத்துப் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் ஆப் ஒரு படத்துக்கு ரூஃபஸ் என்கிறது, இன்னொரு படத்துக்கு ரூபி-த்ரோட் என்கிறது. அப்புறம், பக்கத்து வீட்டு அம்மா "ஃபீடரை எடுத்துவிடு, அதனால்தான் கிளம்பாமல் நிற்கிறது, குளிரில் செத்துப்போகும்" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்குருவி:
அக்கா, ஃபீடரை எடுக்காதீர்கள். பகல் பொழுது சுருங்குவதை உடம்பு உணர்ந்துதான் இவை கிளம்பும். சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கிறதே என்று தங்கிவிடாது. உங்களுடையது கோடையில் வந்த பறவையே இல்லை, மேற்கிலிருந்து வந்த விருந்தாளி. ரூஃபஸ் கூடு கட்டுவது ஒரேகான் தொடங்கி அலாஸ்காவின் தென்பகுதி வரை. பெரும்பாலும் மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழிக்கும். ஒரு பகுதி இங்கே மெக்சிகோ வளைகுடாக் கரைக்கும் தென்கிழக்கு மாநிலங்களுக்கும் வரும். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் இதைப் பார்ப்பது வழக்கம்தான். மற்ற பறவைகளை விரட்டுவதும் அதன் குணம்.

பைனாகுலர்:
முதல் பறவை ரூஃபஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் அவசரப்பட வேண்டாம் அம்மா. ஆலன்ஸ் என்று கலிஃபோர்னியா, ஒரேகான் கடலோரத்தில் ஒரு இனம் உண்டு. பெண்ணையும் முழுசாக வளராத இளம் ஆணையும் வைத்துப் பார்த்தால் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும். கிழக்கே ஆலன்ஸ் வருவது அபூர்வம், ஆனால் வராமல் இல்லை.

வித்தியாசம் வாலில்தான். மொத்தம் பத்து இறகு, பக்கத்துக்கு ஐந்து. நடுவிலிருந்து எண்ணினால் இரண்டாவது இறகின் நுனிக்குப் பக்கத்தில் ரூஃபஸ் ஆணுக்கு ஒரு சின்ன வெட்டு இருக்கும். பெண்ணுக்கு அது லேசாகத்தான் தெரியும். ஆலன்ஸுக்குக் கடைசி ஓர இறகு ரொம்பக் குறுகல். ஃபீடரில் உட்காரும் முன்னும் விலகும்போதும் வால் விரியும், அந்த நொடியில் தொடர்ச்சியாகப் படம் எடுங்கள். பக்கவாட்டுப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு உதவாது.

எனக்கு ஆர்வமெல்லாம் உங்கள் இரண்டாவது பறவை மேல்தான். வாலை விடாமல் ஆட்டுகிறது என்றால் பிளாக்-சின்டாக இருக்கலாம். அதுவும் மேற்கத்திய இனம். அதன் பெண்ணுக்கும் ரூபி-த்ரோட் பெண்ணுக்கும் நிறத்தில் பெரிய பேதம் கிடையாது, பிளாக்-சின்ட் பெண்ணுக்குத் தலை கொஞ்சம் சாம்பல், அலகு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். காற்றடித்தால் ரூபி-த்ரோட்டும் வாலை ஆட்டும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. உட்கார்ந்திருக்கும்போது மடக்கிய சிறகின் நுனியைப் பாருங்கள். கடைசி இறகு அகலமாக, மொண்ணையாக வளைந்திருந்தால் பிளாக்-சின்ட். ஒடுங்கிக் கூராக முடிந்தால் ரூபி-த்ரோட்.

தோட்டத்துக்காரி:
குளிரைப் பற்றிக் கவலைப்படாதே தங்கச்சி. ராத்திரி உடல் சூட்டையும் இதயத் துடிப்பையும் தானாகவே இறக்கிக்கொண்டு மரத்துப்போன மாதிரி தூங்கும், விடிந்ததும் எழுந்துவிடும். எழுந்த கையோடு பசிக்கும், அந்த நேரத்தில் ஃபீடர் உறைந்து கிடக்கக் கூடாது. உறைபனி அடிக்கும் இரவில் உள்ளே எடுத்து வைத்து, விடியுமுன் மாட்டிவிடு.

கலவை: வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. நம் வீட்டுப் பழக்கத்தில் நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ போட்டுவிடாதே, அதிலுள்ள இரும்புச் சத்து இவற்றுக்கு ஆகாது. தேன் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்றுவோம், குளிரில் வாரம் ஒருமுறை கழுவி மாற்றினால் போதும். இலைக்கடியில் இருக்கும் சின்னப் பூச்சி, சிலந்தியும் இவற்றுக்குச் சாப்பாடு. அதனால் மருந்து அடிக்காதே.

கேரிவாசி:
ரொம்ப நன்றி. இரண்டாவது பறவை வேலிக் கம்பியில் உட்கார்ந்தபோது தெளிவாக ஒரு படம் கிடைத்தது. சிறகின் கடைசி இறகு அகலமாக, நுனியில் மொண்ணையாக உள்பக்கம் வளைந்திருக்கிறது. வாலாட்டம் காற்றில்லாத நேரத்திலும் நிற்கவில்லை. முதலாவதின் விரித்த வால் இன்னும் சிக்கவில்லை. யாராவது பிடித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?

பைனாகுலர்:
சிறகு அப்படி இருந்தால் இரண்டாவது பிளாக்-சின்ட்தான், நான் உறுதியாகவே சொல்வேன். கேரியில் இது பெரிய விஷயம் அம்மா! பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் படத்தோடு பதிந்துவிடுங்கள்.

பிடிப்பதை நாம் செய்யக் கூடாது, சட்டப்படி குற்றம். மத்திய அரசின் உரிமம் பெற்று ஹம்மிங்பேர்டுக்கு வளையமிடுபவர்கள் இருக்கிறார்கள். மாநிலப் பறவை ஆர்வலர் குழுவில் கேட்டால் தொடர்பு கிடைக்கும். ஃபீடரைச் சுற்றிக் கூண்டு வைத்துப் பிடித்து, வால் இறகை அளந்து, காலில் எண் பொறித்த குட்டி அலுமினிய வளையம் மாட்டிச் சில நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். 2010 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் டல்லஹாசியில் இப்படி வளையமிட்ட ஒரு ரூஃபஸ், அதே வருடம் ஜூனில் அலாஸ்காவில் பிடிபட்டது. 3,500 மைலுக்கு மேல்! மூன்று கிராம் சொச்சம் எடையுள்ள உயிர் இது. அதே பறவை அடுத்த குளிர்காலத்திலும் அதே வீட்டுக்கு வந்ததாகப் பதிவுகள் உண்டு, அதனால் வளையமிருந்தால் உங்களுக்கும் உபயோகம்.

அதுவரை முதல் பறவையை "ரூஃபஸ் அல்லது ஆலன்ஸ்" என்றே பதியுங்கள். அதற்கென்றே ஈபேர்டில் தனிப் பிரிவு இருக்கிறது. கழுத்தில் செம்பு இறகுகள் இருப்பதைப் பார்த்தால் இளம் ஆண் போல் தோன்றுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் முதுகுப் பச்சைக்கு நடுவே செங்கல் நிற இறகு நிறைய முளைக்கிறதா என்று பாருங்கள். ஆலன்ஸுக்கு முதுகு பச்சையாகவேதான் இருக்கும்.

கேரிவாசி:
சரி சார், அப்படியே பதிகிறேன். வளையமிடுபவருக்கு இன்று எழுதுகிறேன். முதலாவது இரண்டாவதை விரட்டுவதால் வீட்டின் மறுபக்கம், ஒன்றுக்கொன்று கண்ணில் படாத மாதிரி இன்னொரு ஃபீடரும் மாட்டப்போகிறேன்.